புற்றடிக் காளான்

துறையூர்ச் சந்தையிலிருந்து திரும்பிய ராமர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காளான் குழம்பு வாசனை வந்தது. மற்ற வருஷமாக இருந்தால் கையைக்கூடக் கழுவாமல் சோறு போடச் சொல்லியிருப்பான். இன்று நேரே அடுப்படிக்குப் போனான்.

"காளான் ஏது மயிலு?"

"நம்ம கடலைக் கொல்லைப் புத்தடியிலதாங்க. ராத்திரி பச்சைமலைப் பக்கம் இடிச்ச இடிக்கு வெள்ளை வெளேர்னு பூத்துக் கிடந்துச்சு. நாகம்மா நமக்குன்னே குடுத்தது," என்றாள் அவன் மனைவி மயிலம்மாள்.

விஷக் காளானா என்று மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவைத்தும் பார்த்தாளாம், நிறம் மாறவில்லையாம். அவள் பறித்த காளானில் இதுவரை ஒரு தப்பும் நடந்ததில்லை.

இன்றும் தப்பு காளானில் இல்லை. முந்தாநாள் சாயங்காலம் அந்தப் புற்றுக்குள் ராமர் கரையான் மருந்தை ஊற்றியிருந்தான். அறுபத்து நாலாம் வருஷம் அது. உப்பிலியபுரத்தில் ஆளுக்கு ஆள் புதுப் பூச்சி மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடலைச் செடியைக் கரையான் வேரோடு தின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் மயிலம்மாள் பிள்ளை வரம் கேட்டு வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றுகிற புற்று அது. அவள் பால் ஊற்றிய துவாரத்திலேயே இவன் விஷத்தை ஊற்றிவிட்டு வாயைத் திறக்கவில்லை. மறுநாள், செத்த கரையானைக் கொத்திய கோழியொன்று காலை உதறிக்கொண்டு செத்தது. அதையும் யாருக்கும் தெரியாமல் புதைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம்! மண்ணுக்குள் போனது மண்ணோடு போய்விடும் என்று பட்டணத்துக்காரன் எவனாவது நினைக்கலாம். விதைத்து அறுக்கிறவன் நினைக்கலாமா? போட்டதைத் திருப்பித் தருவதுதானே மண்ணுக்குத் தொழில்.

"நீ தின்னியா?" என்று கேட்டான்.

"நீங்க சாப்பிடாம நான் என்னைக்குத் தின்னிருக்கேன்?"

போன உயிர் திரும்பி வந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தான். நாகம்மாளே கையில் கொடுத்துவிட்ட மாதிரி மலர்ந்திருந்த அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு புரளவில்லை. சட்டியை எட்டிப் பார்த்து, "ஐயோ, பல்லி விழுந்து கெடக்கு!" என்று கத்தினான். அவள் எழுவதற்குள் சட்டியைக் கொல்லைப்புறம் தூக்கிப்போய்க் குழம்பைக் குப்பைக் குழியில் கவிழ்த்து, மேலே மண்ணைத் தள்ளினான்.

மயிலம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இறக்கி வைக்கிறப்ப நல்லாத்தானே இருந்துச்சு. இப்பத்தான் விழுந்திருக்கும். போகுது போங்க. வீரம்மா அக்காவுக்கு அப்பவே ஒரு கிண்ணம் ஊத்திக் குடுத்துட்டேன். அவங்களாவது ருசியா சாப்பிடட்டும்."

ராமர் ஓடினான். வீரம்மாள் வீடு அடுத்த தெருதான். அங்கே அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று ஓடும்போதே காதைத் தீட்டிக்கொண்டான். கோழி காலை உதறியது கண்ணை விட்டுப் போகவில்லை.

வீரம்மாள் அப்போதுதான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மடியில் அவள் கடைக்குட்டி வாயைத் திறந்து வைத்திருந்தது.

"அக்கா, குடுக்காதீங்க! குழம்புல பல்லி விழுந்துருச்சு!"

வீரம்மாள் சிரித்தாள். "உங்க சட்டியிலதானே தம்பி? எனக்கு ஊத்தினப்புறம்தானே? மயிலு பல்லியையுமா பங்கு போட்டுக் குடுத்தா?" என்றபடி உருண்டையைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

அதற்குமேல் அந்தப் பொய் உதவவில்லை. ராமர் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான். சோறு சுவரெல்லாம் சிதறியது. குழந்தை வீறிட்டது.

"உனக்கென்ன பைத்தியமா?"

"புத்துல நான் கரையான் மருந்து ஊத்துனேன்க்கா. அங்க முளைச்ச காளான் இது. கரையானைக் கொத்துன கோழி செத்துப்போச்சு."

வீரம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "இதுதான் மொத வாய். நானும் தொடலை," என்றாள்.

ராமர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தான். அழுகை வந்தது.

"ஏங்க," என்று பின்னால் குரல் கேட்டது. அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து மயிலம்மாளும் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். புற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் உப்புப் பார்த்தேங்க," என்றாள்.

"எவ்வளவு?"

"ஒரு கரண்டி. நல்லா இருக்கேன்னு இன்னொரு கரண்டி."

வீரம்மாள் உப்புத் தண்ணீர் கரைக்க உள்ளே ஓடினாள். "போயி வண்டிக்கு வழி பண்ணு தம்பி, திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்!" என்று உள்ளிருந்து கத்தினாள். ராமர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"பல்லின்னு சொன்னீங்களே," என்றாள் மயிலம்மாள் மெதுவாக. "அப்பவே நெசத்தைச் சொல்லியிருந்தா, அப்பவே வாந்தி எடுத்திருப்பேனே."

அவள் கையை எட்டிப் பிடித்தான். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பயத்தில் நடுங்குகிறதா, மருந்தில் நடுங்குகிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை.