பின்சக்கரத்துக் கறை

சின்னவன் முதலில் செய்த லாரியைப் பார்த்து அண்ணி சிரித்துவிட்டாள். சிரிக்கிற அளவுக்குத் தெம்பு அன்றைக்கு அவளுக்கு இல்லை. ஆனாலும் அடக்க முடியவில்லை.

"என்ன தம்பி இது? வேலைக்குப் போற வண்டியா, வேணாம்னு தூக்கிப் போட்ட வண்டியா?"

உள்ளங்கையில் அடங்குகிற லாரி அது. ரயில் பாதையைப் பராமரிக்கிற லாரி. சாலையில் ரப்பர் டயரில் ஓடும். தண்டவாளம் வந்ததும் முன்னாலும் பின்னாலும் இருக்கிற சின்ன இரும்புச் சக்கரங்களைக் கீழே இறக்கி அதன்மேல் ஏறி ஓடும். நிஜமான அப்படியொரு லாரியைத்தான் அண்ணி ஓட்டினாள். சின்னவன் அதன் மாதிரியை வாங்கி ஒட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, பிறகு அதன் தலையிலிருந்து கால்வரை துரு ஏற்றியிருந்தான். கூரையில் துரு, கதவில் துரு, கண்ணாடிச் சட்டத்திலும் துரு.

"நிஜமா இருக்கணும்னுதான் அண்ணி…"

"துரு பிடிக்கணும்னா வண்டி சும்மா நிக்கணும் தம்பி. எங்களை எங்க நிக்க விடுறாங்க?" என்று சொல்லிவிட்டு பூட்ஸைக் கழற்றி மூலையில் வைத்தாள். அதிலிருந்து ஜல்லித் தூள் ஒரு பிடி கொட்டியது.

அந்த வீட்டில் மூன்று பேர். அண்ணன் பேக்கரியில் அடுப்பு வேலை. விடியும் முன்னே போய் மத்தியானம் வந்து விழுந்தால் சாயங்காலம்தான் எழுவான். அண்ணி எந்த நேரம் போவாள், எந்த நேரம் வருவாள் என்று அவளுக்கே தெரியாது. சின்னவன் பல்செட் செய்கிற கூடத்தில் வேலை பார்த்தான். மூன்று பேரும் ஒன்றாக விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் என்று அண்ணன் சொல்வான். அதிலும் யாராவது ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

பல் ரொம்ப வெள்ளையாக இருந்தால் பொய்ப்பல் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அதனால் ஈறோரம் துளி மஞ்சள், கடிக்கிற விளிம்பில் துளி சாம்பல் என்று ஏற்ற வேண்டும். அதுதான் சின்னவனின் வேலை. பகலெல்லாம் புதுப் பல்லுக்குப் பழசு ஏற்றுவது, சாயங்காலம் புது லாரிக்குப் பழசு ஏற்றுவது. "உனக்குப் புதுசைக் கண்டாலே ஆகாதாடா?" என்று அண்ணன் கேட்பான்.

ஊரில் மாடல் ரயில் சங்கம் ஒன்று இருந்தது. ஒரு பெரிய கூடம் முழுக்கக் குட்டித் தண்டவாளமும் குட்டி ஸ்டேஷனும் போட்டு, வருஷத்துக்கு ஒரு முறை ஜனங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். எல்லாரும் பளபளவென்று எஞ்சின்கள் கொண்டுவந்து ஓட்டுவார்கள். பாதையை யார் பழுது பார்க்கிறார்கள் என்கிற நினைப்பே அங்கே யாருக்கும் இல்லை. அதனால்தான் சின்னவன் இந்த லாரியைக் கையில் எடுத்தான். அண்ணி ஓட்டுகிற வண்டி என்பதும் ஒரு காரணம். அதை அவளிடம் அவன் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் சிரித்த பிறகு அவன் பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுத்தான். ஒரு சாயங்காலம் ஷெட்டுக்கே போனான். அண்ணி வேலை முடித்து வண்டியை நிறுத்தியிருந்தாள். அவன் போனை எடுத்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தான். முதல் முறையாக அந்த வண்டியை ஒழுங்காகப் பார்ப்பதுபோல இருந்தது. துரு இரண்டே இடத்தில்தான் இருந்தது. மற்றதெல்லாம் தூசி. டயர் பக்கம் சாம்பல், படிக்கட்டில் சேறு, கதவுப் பிடியைச் சுற்றி மட்டும் கைபட்டுக் கைபட்டு பெயிண்ட் தேய்ந்து பளிங்குபோல ஆகியிருந்தது. பின்பக்க இரும்புச் சக்கரத்தை இறக்கி அழுத்திப் பிடிக்கிற உருளையிலிருந்து கருப்பாக ஒரு கோடு, நாக்கு மாதிரி, கீழே இறங்கியிருந்தது.

"இது என்ன அண்ணி?"

"ஆயில் கசியுது."

"பரவாயில்லையா?"

"மெக்கானிக்கிட்ட சொன்னேன். துடைச்சுவிட்டு ஓட்டுங்கன்னான். ரெண்டாவது தடவையும் சொன்னேன். அப்பவும் துணியைத்தான் கொடுத்தான்." கொட்டாவி விட்டாள். "எடுத்தாச்சா தம்பி? வீட்டுக்குப் போலாம். கால் நிக்கல."

அந்தக் கோட்டைப் போடத்தான் அவனுக்கு அதிக நேரம் பிடித்தது. பழுப்பும் கருப்பும் கலந்த எண்ணெய்ப் பெயிண்டை நீர்க்கக் கரைத்து, ஒற்றை முடித் தூரிகையால் தொட்டு, அதுவே வழிந்து இறங்கும்படி விட்டான். சுண்ணக்கட்டியைப் பொடித்து டயரில் ஊதினான். பாத்திரம் தேய்க்கிற பஞ்சைப் பிய்த்து அதன் முனையால் பெயிண்ட் உதிர்ந்த இடங்களை ஒற்றினான். முடித்து மேஜை மேல் வைத்தபோது அண்ணி சோறு தின்றுகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அட, என் வண்டிதான்," என்றாள். அப்புறம் முகம் சுளித்தாள். "வீட்டுக்கு வந்தும் இதையே பாக்கணுமா? அந்தப் பக்கமா திருப்பி வைங்க தம்பி."

அந்த வாரமே வண்டி கவிழ்ந்தது.

கவிழ்ந்தது என்றால் முழுசாக இல்லை. வளைவு ஒன்றில் பின்பக்க இரும்புச் சக்கரம் மேலே எழும்பிவிட்டது. வண்டி தண்டவாளத்தை விட்டு ஜல்லியில் இறங்கிச் சாய்ந்தது. பின்னால் கருவிகளோடு நின்றிருந்த ஆள் தூக்கி எறியப்பட்டான். அவனுக்குப் பெரிய மீசை. கூட்டாளிகள் எல்லாரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் தொடையெலும்பு முறிந்தது.

அண்ணி வீட்டுக்கு வந்து பூட்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தான். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அவளுடைய கையையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. மீசை கத்தின கத்துதான் காதை விட்டுப் போக மாட்டேங்குது."

மறுநாளே அவளை வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சக்கரத்தை இறக்குகிற லீவரை அவள் முழுசாக அழுத்தவில்லை, அதனால்தான் சக்கரம் எழும்பியது என்று ஷெட்டில் பேச்சு. கசிவே கிடையாது, யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை என்று மெக்கானிக் சத்தியம் பண்ணினான். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

சின்னவனுக்குப் பல் கூடத்தில் கை ஓடவில்லை. யாருக்கோ செய்த முன்பல்லில் சாம்பல் அதிகமாகிப்போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக போனை அண்ணி முன்னால் நீட்டினான்.

"அண்ணி, என்கிட்ட படம் இருக்கு. அந்த ஆயில் கோடு பளிச்சுனு தெரியுது. தேதியோட இருக்கு. மெக்கானிக் சொல்றது பச்சைப் பொய்னு காட்டிடலாம்."

அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கசிஞ்சதுன்னு இது சொல்லும் தம்பி. சரி. எனக்கு அது தெரியும்னும் சேர்த்துத்தானே சொல்லும்? தெரிஞ்சே அத்தனை நாள் ஓட்டியிருக்கேன். தெரிஞ்சே மீசையைப் பின்னால ஏத்தியிருக்கேன்."

அந்தப் பக்கத்தைச் சின்னவன் யோசிக்கவே இல்லை.

"காட்டாத," என்றான் அண்ணன். "லீவரைச் சரியா அழுத்தலைன்னு சொல்லட்டும். கை தவறிப்போச்சுன்னா திட்டிட்டு விட்டுடுவாங்க. இதைக் காட்டினா மெக்கானிக்கும் மாட்டுவான், நீயும் மாட்டுவ. எதுக்கு வம்பை விலைக்கு வாங்கணும்?"

"கை தவறலையே. நான் லீவரை ஒழுங்காத்தான் அழுத்தினேன்."

"அது உனக்குத் தெரியும்…"

"எனக்குத் தெரிஞ்சதுதாங்க இப்ப கஷ்டமா இருக்கு," என்றாள் அண்ணி.

அடுத்த நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனியாகப் போகத் தயங்கி சின்னவனையும் கூட்டிக்கொண்டு போனாள். மீசை காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தான். அவன் முகத்து மீசையின் ஒரு பக்கம் தலையணையில் நசுங்கியிருந்தது. அண்ணி கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கசிவு தெரியும் என்பதை, படம் இருப்பதை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, எனக்கும்தான் தெரியும். அந்த ஆயில் மேல நான் எத்தனை தடவை வழுக்கியிருக்கேன்! கண்டபடி திட்டிட்டு மறுபடி ஏறி நின்னுக்குவேன்." பிறகு கண்ணைத் திறந்தான். "காட்டுங்க. ஆனா எனக்குத் தெரியும்னு நீங்க சொல்லிடாதீங்க, நஷ்டஈட்டுல கை வச்சுடுவாங்க. கேட்டா நானே சொல்லிக்கறேன்."

வெளியே வந்ததும் அண்ணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை மட்டும் உறிஞ்சியபடி அழுதாள். சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "டீ வாங்கட்டுமா அண்ணி?" என்றான். "வாங்குங்க," என்றாள்.

விசாரணை ஷெட்டின் மாடியில் ஒரு சின்ன அறையில் நடந்தது. விசாரித்த அதிகாரி ஒரு பெண்மணி. ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று அவர் முகமே சொன்னது. மெக்கானிக் ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். படம் எடுத்தவன் என்பதால் சின்னவனையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். டயர், படிக்கட்டு, கதவுப்பிடி, மறுபடி டயர்.

"எதுக்கு இவ்வளவு அழுக்கைப் படம் பிடிச்சீங்க? யாராவது எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம். மாடல் செய்யறதுக்கு." சின்னவன் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே பஞ்சில் சுற்றிய லாரி.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். விரலால் டயரைத் தொட்டு, விரலையும் பார்த்துக்கொண்டார்.

"மெனக்கெட்டு அழுக்கை பெயிண்ட் பண்றீங்களா?"

"ஆமா மேடம்."

"எங்க வீட்டுக்கு வாங்க. பெயிண்ட் செலவே இல்லாம நிறைய இருக்கு," என்றவர் தும்மினார். யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு, லாரியின் பின்பக்கத்தை மெக்கானிக் பக்கம் திருப்பிக் காட்டினார். "இந்தக் கோடு உங்க கண்ணுல படலையா?"

மெக்கானிக் தரையைப் பார்த்தான். "உதிரி உருளை கேட்டிருந்தேன் மேடம். வரல. வண்டிய நிறுத்தினா மேல திட்டுவாங்க. கீழயும் திட்டுவாங்க," என்றான். சின்னவனுக்கு அதுவரை அவன்மேல் இருந்த ஆத்திரம் பிடிமானம் இல்லாமல் போயிற்று. மெக்கானிக்கின் கண்ணுக்குக் கீழேயும் தூக்கமில்லாத கருப்பு.

அதிகாரி அண்ணியைப் பார்த்தார். "கசியுதுன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் ஓட்டினீங்க?"

அண்ணி ஏதோ யோசித்து வைத்திருந்தாள். வரும் வழியெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அலுத்துப்போச்சு மேடம். ஒரு தடவை சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்ல வாய் வரல. சண்டை போடறதுக்கு ஓட்டிட்டுப் போறதே சுலபமா இருந்துச்சு."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எழுதினார்.

தீர்ப்பு ஒன்றும் இடி மாதிரி வரவில்லை. மெக்கானிக்குக் கண்டிப்பு. அண்ணிக்கும் கண்டிப்பு, அதோடு சில மாதம் வண்டி ஓட்டக்கூடாது, கருவி அறையில் உட்கார வேண்டும். உதிரி பாகம் அனுப்பாதவர்களுக்கு என்ன தண்டனை என்று யாரும் பேசவில்லை. கசிவு என்று ஓட்டுநர் சொன்னால் வண்டி அன்றைக்கு வெளியே போகக்கூடாது என்று மட்டும் ஒரு உத்தரவு போட்டுச் சுவரில் ஒட்டினார்கள்.

அண்ணி கருவி அறையில் சம்மட்டியும் ஸ்பானரும் எடுத்துக் கொடுத்தாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் முதுகுவலி வந்தது. "ஓடினா கால் வலிக்குது, உக்காந்தா முதுகு வலிக்குது. படுத்துக்கிட்டே பாக்கற வேலை எங்கயாவது இருந்தா சொல்லுங்க தம்பி," என்றாள். மீசையின் எலும்பு கூடியது. ஆனால் கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தான். கருவி அறை வாசலில் வந்து நின்று பழைய மாதிரியே கிண்டல் அடித்தான். அவன் சாய்ந்து நடந்து போவதை அண்ணி கதவு மறைக்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

லாரியைச் சங்கத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று சின்னவன் இழுத்துக்கொண்டே இருந்தான். தின்னர் நனைத்த துணியை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் துடைக்கக்கூடப் போனான். அண்ணிதான் தடுத்தாள். "அதைத் துடைச்சாச்சுன்னா மட்டும் இல்லைன்னு ஆயிடுமா? இருக்கறது இருக்கட்டும். கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க." கொடுத்தான். கூடத்தின் பின்பக்கப் பாதையில், சிக்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எஞ்சின் பார்க்க வந்த கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த ஒரு பெரியவர், ஆயில் கறை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார். சின்னவன் "ஆமாங்க, தூக்கல்தான்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

மழைக்காலம் முடிந்த பிறகு அண்ணிக்கு வேறு வண்டி கொடுத்தார்கள். புதுசு இல்லை, இன்னொரு ஷெட்டில் ஓடிக் களைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை என்று கூப்பிட்டார்கள். மத்தியானம்தான் திரும்பினாள். அண்ணனும் சின்னவனும் சாப்பாட்டுக்கு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றான் அண்ணன்.

"பிரேக் மிதிச்சா ஒரு சத்தம் வந்துச்சு. போக மாட்டேன்னுட்டேன். சூப்பர்வைசர் வந்து கத்தினாரு. ஆளுங்க எல்லாம் வெயில்ல நின்னுட்டிருக்காங்கன்னாரு. உங்களால எல்லாருக்கும் லேட்டுன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? ஒண்ணும் சொல்லல. சாவியைப் பையில போட்டுக்கிட்டு படியில உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கத்திக் கத்தி அவருக்கு அலுத்துப்போச்சு. மெக்கானிக்கை வரச் சொன்னாரு." அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். "பாதி ஆளுங்க என்கூட இன்னும் பேசல. சோத்தைப் போடுங்க முதல்ல."

அண்ணன் சோற்றைப் போட்டான். அவள் தலை குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.