காலுக்குள் இரும்பு

விசுவமடுச் சந்தியில் சைக்கிளில் போன இராசமலரைக் கார் ஒன்று இடித்து விழுத்தியது. நட்டஈடு மதிப்பிடக் கொழும்பிலிருந்து வந்த, அந்தக் காரின் இன்சூரன்ஸ்காரர், அவளுடைய முறிந்த காலின் எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, உள்ளுக்க இரும்புத் துண்டொண்டு கிடக்கு. காரில கழண்டதெண்டால் கம்பனிக்குத் திருப்பித் தரவேணும்."

இராசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது உங்கட காருக்கு மூத்தது தம்பி. யுத்தத்துக்குள்ள செல் குண்டு விழுந்து வெடிச்சு ஏறினது. இந்த ஊரில ஆரின்ர காலைப் படம் பிடிச்சாலும் இப்பிடி ஒண்டு தெரியும்."

"அப்ப பழைய விபத்து. அண்டைக்கு வந்து இடிச்சதின்ர நம்பரைப் பார்த்தனீங்களோ?"

"நிமிர்ந்து பார்த்தவை ஒருத்தரும் தப்பேல்லை. நான் குப்புறப் படுத்திருந்தனான்."

இன்சூரன்ஸ்காரர் படிவத்தை விரித்தார். பிறகு, "காயப்பட்டவரின் கவனக்குறைவு" என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதிக்கொண்டார்.