சொரசொரப்பான பக்கம்

என் கண் போய்விட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அதை நம்பினேன், அதுதான் கொடுமை. பெரிய மரக் கேமராவில் ஆட்களை உட்காரவைத்து முகம் எடுத்துப் பிழைப்பவள் நான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தை இமை முடி தெரியும்வரை சரிசெய்வேன். ஆனால் கொஞ்ச நாளாக ஃபிலிமைக் கழுவினால் முகம் கலங்கலாகவே வந்தது. கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்ததெல்லாம் என் கண் சொன்ன பொய் என்று நினைத்தேன். டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் அங்கே போவதையும் தட்டிக்கழித்தேன்.

என் கணவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார், செய்தித்தாளை உரக்கப் படித்தார், படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் கையை உதறவில்லை. கேமராவை என் தம்பியிடம் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொன்னான்.

அதற்கு முதல் நாள், கெட்டுப்போன ஃபிலிம்களை ஜன்னலில் வரிசையாக ஒட்டினேன். நன்றாக அழுது தீர்க்கலாம் என்றுதான். பார்த்தால், எல்லாவற்றிலும் கண்ணும் மூக்கும் புகை, காதும் நாற்காலி முதுகின் பிரம்புப் பின்னலும் அவ்வளவு துல்லியம்! கண் கெட்டவள் ஒரு தடவை முன்னால் தவறுவாள், ஒரு தடவை பின்னால் தவறுவாள். எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு எப்படித் தவறுவாள்?

ஓடிப்போய்க் கேமராவின் பின்பக்கக் கண்ணாடியை நகத்தால் கீறினேன். கரகரவென்றது. வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் அது. சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். உருவம் விழுவதும் அங்கேதான், ஃபிலிம் வந்து உட்காருவதும் அதே இடத்தில்தான். திருப்பி மாட்டினால் கண்ணாடியின் கனத்துக்கு எல்லாம் தள்ளிப்போகும்; நான் கண்ணுக்கு வைத்த தெளிவு ஃபிலிமில் காதுக்குப் போய்விடும்.

"இதை யாருங்க கழட்டினது?"

"நான்தான்" என்றார் கணவர். "தூசியா இருந்துச்சேன்னு, நீ வெளியூர் போயிருந்தப்ப சோப்புப் போட்டுக் கழுவினேன்."

"திருப்பி மாட்டியிருக்கீங்களே!"

"பாத்ரூம் ஜன்னல்ல சொரசொரப்பு வெளிப்பக்கம்தானே இருக்கு?"

"பாத்ரூம் ஜன்னலாம்! உங்களை யாரு தொடச் சொன்னா? என் கேமராவையே தூக்கிக் கொடுக்க இருந்தேனே! கண்ணு தெரியுதுன்னு எனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சே!"

வாங்கு வாங்கென்று வாங்கினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் மெல்லக் கேட்டார்.

"அப்ப உன் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

திட்டியதில் ஒரு சொல்கூட அவர் காதில் ஏறவில்லை. பிரம்பு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, என் கறுப்புத் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை நாளும் இந்த மனுஷன் தனியாக எவ்வளவு பயந்திருக்கிறார்!

நான் கண்ணாடியைக் கழற்றிச் சரியாகத் திருப்பி மாட்டினேன்.

"துணியைக் கொடுங்க, எனக்கு வேணும். முகத்தைத் துடைச்சிட்டு நேரா பாருங்க."

துணிக்குள் தலையை விட்டேன். அவர் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. இந்தத் தடவை குற்றம் என் கண்மேல்தான். துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.