மூன்று நிலை, நான்கு கட்டம்

வேதாரண்யம் பக்கத்துக் கடலோரத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை ஜூலியட், இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு மெமோகூட வாங்காதவர். அந்தப் பெருமைக்குச் சோதனையாக, ஒரு மத்தியானம் வட்டார மேற்பார்வையாளர் டேவிட்சன் லேப்டாப்போடு வந்து இறங்கினார்.

பிள்ளைகளின் வாசிப்பை மாநிலம் மூன்று நிலையாக அளக்கிறது. மத்திய அரசின் படிவத்திலோ நான்கு கட்டம். மூன்றை நான்கில் எப்படிப் பொருத்துவது என்று குளிரூட்டிய அரங்கில் இரண்டு நாள் ஆலோசித்து, முந்திரி பக்கோடாவோடு ஒரு முடிவும் எடுத்தாகிவிட்டது.

"எல்லாரையும் ஒரு கட்டம் மேல ஏத்திடுங்க டீச்சர். அடிக்கட்டம் காலி. திரையில வட்டாரமே பச்சை! அடியில ஒரு ஆள் இருந்தாலும் சிவப்பு, மெமோ."

"எழுத்துக்கூட்டத் தெரியாத மூணு பேரு இருக்காங்களே சார்?"

"ரெண்டாவது கட்டம்."

"நேத்து வரைக்கும் தெரியலையே?"

"இன்னைக்கும் தெரியாதுதான். தெரியும்னு யாரு சொன்னா? மூணை நாலுக்குத் தகவமைச்சிருக்கோம், அவ்வளவுதான்."

அந்த மூன்று பேருக்கும் தினம் ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுப்பவள் மலர்க்கொடி. கதவோரம் நின்றவள் கேட்டாள்: "அப்போ என் வகுப்பு சார்?"

டேவிட்சன் சுற்றறிக்கையைப் புரட்டினார். "அடிக்கட்டத்துல ஆள் இருந்தாத்தான் தனி வகுப்பு. நீங்க ஜெயிச்சிட்டீங்கம்மா, கிளம்பலாம்."

ஆள் இருந்தால் மெமோ. இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான். ஜூலியட்டின் விரல் இரண்டாவது கட்டத்துப் பக்கமே சாய்ந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்துணவுச் சமையலர் எல்லையம்மாள் ஓடி வந்தாள். மூவரில் ஒருத்தியான பூமிகாவின் அம்மா.

"எம் பொண்ணு மேல ஏறிட்டாளா டீச்சர்? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!" ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுச் சுற்றறிக்கையை எடுத்தாள். "பூமிகா, வாடி! சார் முன்னாடி இதைப் படிச்சுக் காட்டு."

பூமிகா காகிதத்தைப் பார்த்தாள். அம்மாவின் சிரித்த முகத்தைப் பார்த்தாள். பிறகு தலைப்பிலிருந்த அரசு முத்திரையைத் தொட்டு, "கோபுரம்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. டேவிட்சன்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஜூலியட் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, அடிக்கட்டத்தில் மூன்று என்று அடித்து அனுப்பினார். திரை சிவந்தது.

"மெமோ நிச்சயம் டீச்சர்."

"வரட்டும் சார். பதில் ரெண்டு வரிதான்: மூணு பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. வகுப்பு வேணும்."

எல்லையம்மாளுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் அவள், "இன்னைக்கு ஒரு நாளாவது ஏறினதா இருந்திருக்கக் கூடாதா டீச்சர்?" என்றாள்.

ஜூலியட் லேப்டாப்பை மூடி டேவிட்சன் பக்கம் தள்ளினார்.

அடுத்த அறையில் மலர்க்கொடி பாய் விரித்துக்கொண்டிருந்தாள். எல்லையம்மாள் மகளின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, முகம் காட்டாமல் பாத்திரம் கழுவப் போனாள்.