நிக்கல்காரரின் முழங்கால்

வானத்தில் பறப்பது, கடலில் மிதப்பது, அடுப்பில் கொதிப்பது என்று மனிதன் கட்டி எழுப்பிய நாகரிகம் அத்தனையும் நிக்கல் என்கிற உலோகத்தின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது. ஹைதராபாத் மாரெட்பள்ளி வீட்டுக் கூடத்தில் இதை அறிவித்தபோது ராமசுவாமியால் நிற்க முடியவில்லை. வலது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆகவே உட்கார்ந்தபடியே அறிவித்தார். கேட்டவள் மனைவி கல்பகம் ஒருத்திதான். அவளும் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அது ஒத்திகை. விசேஷ உலோகக் கலவைகளை உருக்கும் பொதுத்துறை ஆலை ஒன்றில் உருக்குப் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் ராமசுவாமி. ஆலையின் ஆண்டு விழாவில் இந்த முறை நினைவுச் சொற்பொழிவு அவருடையது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த அழைப்புக்காகக் காத்திருந்தார். வந்ததும், எதிர்பார்க்கவே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். சிக்கல், மேடைதான். அரங்கத்து மேடைக்கு ஏழெட்டுப் படிகள். போன வருடம் பேச வந்தவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றியபோது முன் வரிசையில் இருந்து "பாவம்" என்றவர் ராமசுவாமி. அந்தப் "பாவம்" தன் பக்கம் திரும்பி வந்துவிடக் கூடாது. விழாவுக்குள் முழங்கால் மூட்டை மாற்றி, தன் காலாலேயே படியேறிவிட வேண்டும்.

"ஏன்னா, கீழேயே மைக்கை வெச்சுண்டு பேசினா என்ன?" என்றாள் கல்பகம்.

"கீழே நின்னு பேசறதுக்கு நான் என்ன குலுக்கல் பரிசா அறிவிக்கறேன்?"

நியாயமாகச் சொன்னால், அவர் பெருமையில் பொய் இல்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் புளி ரசம் கொதித்தும் பாத்திரம் கறுக்காமல் இருப்பது, குரோமியம் தன் மேல் போர்த்திக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத தோலால். கீறினால் காற்றைக் குடித்து அந்தத் தோல் தானே வளர்ந்துவிடும். அந்த எஃகைக் குடமாகவும் டம்ளராகவும் வெடிக்காமல் வளைய வைப்பது நிக்கல். கொஞ்சம் மாலிப்டினம் சேர்த்தால் கடற்கரை உப்புக் காற்றின் பாச்சாவும் பலிக்காது. நிக்கலையே பெரும்பங்காக வைத்து உருக்கினால், மருந்து ஆலைகளில் அமிலத்தோடு வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தும் கலம் கிடைக்கும். விமான எஞ்சினுக்குள், மற்ற உலோகங்கள் வெல்லப்பாகாய் இளகும் சூட்டில், தணலாய்ச் சிவந்து சுழன்றும் விறைப்பு குறையாத இறக்கை கிடைக்கும். சில கலவைகள் ஒரு கட்டம் வரைக்கும் சூடேற ஏற இன்னும் உறுதிப்படும். மனிதரில் அப்படி யாரையும் ராமசுவாமி பார்த்ததில்லை. தன்னைத் தவிர.

மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்வது போல் அவர் ஒரு காந்தம் வைத்துக்கொண்டிருந்தார். நிக்கல் தாராளமாகச் சேர்ந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. கஞ்சத்தனம் பண்ணிய எவர்சில்வரில் ஒட்டும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி பக்கத்தில் வந்தால் அவர் கை தானாகப் பைக்குப் போகும். மகள் அக்ஷதாவின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வெங்கடகிருஷ்ணன் வீட்டு டிகாஷன் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். அம்மாவைக் கண்ட குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

வெங்கடகிருஷ்ணன் மறக்கவில்லை. அதே ஊரில் குஷாய்குடாக்காரரான அவரும் உலோகத்தில் ஊறியவர்தான்; அணு உலைகளுக்குச் சிர்க்கோனியத்தில் குழாய் செய்யும் ஆலையில் இருந்தவர்.

"உங்க நிக்கல் ரசம் வைக்கத்தான் லாயக்கு, சம்பந்தி. எங்க சிர்க்கோனியம் அணுவையே அடக்கிண்டு உக்காந்திருக்கு."

"எங்க உலோகம் வீட்டுக்கு வீடு இருக்கு. உங்களோடதை யார் வீட்டுலயாவது பாத்ததுண்டா?"

"அணு உலையை நாங்க அடுக்களைல வெச்சுக்கறதில்லை."

இருந்தாலும் வெங்கடகிருஷ்ணனிடம் கார் இருந்தது. முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். சம்பந்தி என்கிற உரிமையில் டாக்டர் அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் சபீனா மேலப்பாளையத்துப் பெண். ஹைதராபாதுக்கு வந்து வருடங்கள் ஆகியும் நெல்லைப் பேச்சை விடவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மாதிரி மூட்டு ஒன்றை மேஜையில் வைத்தார். "இதத்தான் சார் உள்ள வைக்கப் போறோம்."

ராமசுவாமி காந்தத்தை எடுத்தார். ஒட்டவில்லை. முகம் மலர்ந்தது. "பேஷ்! இதுல நிக்கல் எவ்வளவு டாக்டர்?"

"இது கோபால்ட்டும் குரோமியமும் சார். நிக்கல் அரை சதவீதம்கூட இருக்காது."

"அரை சதவீதமா?" பாயசத்தில் வெல்லம் போட மறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டவர் போல அதிர்ந்தார். "எவர்சில்வர்லயே பண்ணக்கூடாதா? உடம்புக்குள்ள வைக்கறதுக்குன்னே ஒரு ரகம் இருக்கே. பதினாலு சதவீதம் நிக்கல்!"

"அது ஒடஞ்ச எலும்பச் சேக்க பிளேட்டு, ஸ்க்ரூவுக்கு சார். முழங்காலுக்கு இதுதான்."

"நிக்கல் தூக்கலா ஒண்ணு, வெளிநாட்லயாவது கிடைக்காதா?"

வலி குறைவாக, தழும்பு சிறிதாக என்று கேட்ட நோயாளிகளை சபீனா பார்த்திருக்கிறார். நிக்கல் தூக்கலாகக் கேட்டவரை இப்போதுதான் பார்க்கிறார். அந்தப் பேச்சை விட்டுவிட்டு, எல்லோரையும் கேட்கிற கேள்விகளுக்குப் போனார். "சுகர் உண்டா சார்? பிரஷர்? உலோகம் பட்டா அரிப்பு, தடிப்பு? வாட்சு, கவரிங் செயின், பெல்ட்டு பக்கிள்?"

"உலோகமா? எனக்கா?" ராமசுவாமி சிரித்தார். "நான் உலோகத்தோடயே வாழ்ந்தவன் டாக்டர். இல்லைன்னு எழுதிக்கோங்கோ."

"ஏன்னா," என்றாள் கல்பகம்.

"என்ன?"

"தொப்புளுக்குக் கீழ."

ராமசுவாமியின் கை பெல்ட்டுப் பக்கம் போயிற்று.

ஆலையின் வெள்ளி விழாவில் அதிகாரிகளுக்கு ஒரு பெல்ட் கொடுத்தார்கள். பளபளவென்று நிக்கல் பக்கிள், நடுவில் ஆலைச் சின்னம். அன்றிலிருந்து ராமசுவாமி வேறு பெல்ட் போட்டதில்லை. அந்தப் பக்கிள் உட்காரும் இடத்தில் தோல் கறுத்துத் தடித்து, வெயில் நாளில் தீயாய் அரிக்கும். அதை அவர் உலைச் சூடு என்று முடிவு கட்டி, ராணுவக்காரர் தழும்பைப் போலப் போற்றி வந்தார்.

"என்ன சூடோ டாக்டர், தினம் தேங்காயெண்ணெய் தடவறது நான்தான்," என்றாள் கல்பகம். "லீவு நாள்ல வேஷ்டி கட்டிண்டா அடங்கிடும். ஆபீஸ் போனா திரும்ப வந்துடும். இப்ப ரிட்டயர் ஆயாச்சு, அந்தப் பெல்ட்டை விட்டுத் தொலைங்கோன்னா, நக்கோ, வேண்டாங்கறார்."

"கல்பகம்!"

"ஒத்துக்காததை முழங்காலுக்குள்ள வெச்சுட்டா அங்க எண்ணெய் தடவ முடியுமா?"

"அம்மா சொல்லுதது சரி சார்," என்றார் சபீனா. "எல்லாருக்கும் இல்ல. ஆனா சில பேருக்கு மூட்டு வீங்கிரும், தளந்தும் போவும். எங்க, காட்டுங்க பாப்போம்."

ராமசுவாமி சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி மிகுந்த மரியாதையோடு சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து மட்டும் போகவில்லை. வேறு வழியில்லாமல் ராமசுவாமி பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அங்கே கிடந்த காந்தம் தானாகவே துள்ளிப் போய், டக்கென்று பக்கிளைப் பிடித்துக்கொண்டது. உள்ளே முழுக்க இரும்பு. நிக்கல் மேல்பூச்சோடு சரி. வெங்கடகிருஷ்ணன் எலும்புக்கூட்டின் விலா எலும்புகளை இன்னும் கவனமாகப் பார்த்தார்.

தோல் டாக்டர் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வைத்துச் சோதித்தார். கோபால்ட் சாது. குரோமியம் பரம சாது. நிக்கல் இருந்த இடம் மட்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்து வீங்கியிருந்தது. சோதனைக்கு எடுத்த நிக்கலில் கலப்படம் இருக்கும் என்று ராமசுவாமி வாதாடிப் பார்த்தார்.

மறுபடி போனபோது சபீனா வேறொரு மூட்டை எடுத்து வைத்தார். கன்னங்கரேலென்று, எண்ணெய் பூசிய அம்மிக்குழவி மாதிரி மின்னியது. "இதுல உங்களுக்கு ஒத்துக்காதது இல்ல சார். தொடையெலும்புப் பக்கம் வரது இது. சிர்க்கோனியம்."

வெங்கடகிருஷ்ணனின் நாற்காலி கிறீச்சிட்டது. "நியோபியம் சேத்திருக்காளா டாக்டர்?"

"ஆமா சார். ரெண்டரை சதவீதம்."

"சம்பந்தி, அதே கூட்டு! உலைக்குள்ள போற குழாய்க்கு நாங்க போட்ட அதே கூட்டு!"

ராமசுவாமி வேண்டாம் என்று எழுந்து போய்விடலாம்தான். எழுவதற்கே இரண்டு பேர் வேண்டும். மேடைப் படிகள் கண்ணுக்குள் வந்தன. முன் வரிசை "பாவம்" என்றது. கறுப்பு மூட்டைக் கையில் எடுத்தார். காந்தம் ஒட்டவில்லை. நகத்தால் சுரண்டினார். "இந்தக் கறுப்பு பெயின்ட்டா?"

"பெயின்ட்டு இல்ல சார். காத்துல வச்சுச் சூடு பண்ணுவாங்க. உலோகத்தோட மேல்பக்கமே பீங்கான் மாதிரி ஆயிரும். ஒட்டவச்சது இல்ல, அதனால உரிஞ்சும் வராது."

ராமசுவாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் வளைவைத் தடவினார். தன் உடம்பையே கவசமாக்கிக்கொண்ட உலோகம். தோசைக்கல்லில் விட்ட நெய்யைப் போல விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. வாழ்நாளெல்லாம் நல்ல உலோகத்தைத் தொட்டுப் பழகிய கை அது. அதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. எதிர்வீட்டு மருமகளின் சமையலை ஒப்புக்கொள்ளும் மாமியார் குரலில் சொன்னார்: "நன்னாத்தான் இருக்கு. இதையே வையுங்கோ."

விழாவன்று படிகளில் அவர் தனியாக ஏறினார். கைப்பிடியைத் தொடவில்லை. கடைசிப் படியில் ஒரு நொடி நின்று அரங்கத்தைப் பார்த்தார். "பாவம்" என்று யாரும் சொல்லவில்லை. பிறகு மைக்கின் முன் வந்து, வானத்தில் பறப்பதிலிருந்து தொடங்கி, நாகரிகம் அத்தனையும் நிக்கலின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. முன் வரிசையில் பலமாகக் கைதட்டியவர் வெங்கடகிருஷ்ணன்.

"நன்னா பேசறார், இல்லே?" என்றாள் கல்பகம்.

"நன்னா நிக்கறார், மாமி," என்றார் வெங்கடகிருஷ்ணன்.

பேச்சு முழுவதும் ராமசுவாமியின் இடது கை இடுப்பை விட்டு நகரவில்லை. அது அந்தக் காலத்து அதிகாரிகளின் கம்பீரம் என்று பின் வரிசையில் பேசிக்கொண்டார்கள். தடிப்பு ஆறும்வரை எந்தப் பக்கிளும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பும் இளைத்திருந்தது. பேன்ட்டைக் கட்டியிருந்தது கல்பகத்தின் பாவாடை நாடா.