எதிரே வராதவள்

"நாகு, மாப்பிள்ள ஊட்டுக்காரங்க ரயில உட்டு எறங்கிட்டாங்களாம். நீ உள்ள போய்க்கோம்மா. அவுங்க கெளம்பற வரிக்கும் வெளிய வந்துடாதே," என்றாள் அண்ணி பத்மா. குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான். அதுதான் நாகவல்லிக்கு அதிகமாக வலித்தது.

விடிந்ததிலிருந்து கேசரி கிண்டியதும் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவியதும் அவள்தான். அவள் கைபட்ட பலகாரம் கூடத்துக்குப் போகலாம், அவள் போகக்கூடாது. புருஷன் செத்து, பட்டாபிராமில் அண்ணன் உலகநாதனின் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து இந்தச் சட்டம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் இன்று நிச்சயதார்த்தம் அண்ணன் மகள் கண்ணம்மாவுக்கு. தோளில் போட்டு வளர்த்த பெண்.

உள்ளறையில் ஒரு பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும் கிடந்தன. அந்தப் பெட்டியின் மேல் வைத்துத்தான் அவள் கதை எழுதுவாள். அண்ணனை ஃபேக்டரிக்கு அனுப்பி, துணி துவைத்து, தண்ணீர் பிடித்தபின் வரும் மத்தியானம் மட்டும் அவளுடையது. சில நாள் ஒரு பக்கம் ஓடும். சில நாள் ஒரே வரியை எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதுவதில் பொழுது சாய்ந்துவிடும். கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது தபால்தலை ஒட்டி, தன் விலாசத்தைத் தானே எழுதிய உறை ஒன்றும் கூட வைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அதில் போட்டுத்தான் திருப்புவார்கள். ஆகவே வேண்டாம் என்ற சேதி எப்போதும் அவள் கையெழுத்திலேயே அவளைத் தேடி வந்தது. நேற்றும் ஒன்று வந்தது.

"உனுக்கு நீயே லெட்டர் போட்டுக்கினு, இன்னாம்மா வெளையாட்டு இது?" என்று உலகநாதன் சிரித்தான்.

ஒரே ஒரு கதை மட்டும் போனது போனதுதான். திரும்பவுமில்லை, பதிலுமில்லை. இதே மாதிரி உள்ளறையில் உட்கார்ந்து, வெளியே நடக்கும் கல்யாணத்தைக் காதால் மட்டும் அனுபவிக்கும் ஒருத்தியின் கதை அது. பிரதி எடுத்து வைக்காத தன் புத்தியைத் தானே நொந்துகொண்டு, தபாலில் தொலைந்தது என்று அழுது ஓய்ந்திருந்தாள்.

கூடத்தில் தட்டு மாற்றியாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா, அம்பத்தூர் ராஜம்மாவின் குரல் தனியாகக் கேட்டது.

"ரயில்ல வரச்சொல்ல இந்தப் பொஸ்தகம் வாங்கனேன், சம்மந்தி. இதுல ஒரு கத கீது. அழுதுகினே வந்தேன் போங்க. கொஞ்சம் கேளுங்களேன்." அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "'மேளச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து நின்று அட்சதையைத் தூவினாள். அது கதவில் பட்டு அவள் காலடியிலேயே விழுந்தது.'"

நாகவல்லி கதவில் காதை வைத்தாள். அது அவள் அடித்து அடித்து எழுதிய வரி. பொங்கிவந்த அழுகையை முந்தானையால் அடைத்தாள்.

"யாரு பெத்த பொண்ணோ, பேரு நாகவல்லின்னு போட்டுக்கீது. அந்தக் கதைல வர்றவ கடசீலயாவது கதவத் தொறந்துகினு வெளிய வந்திருக்கலாம். வரலியேன்னு எனுக்கு மனசே ஆறல."

அது எங்க நாகுதான் என்று அண்ணன் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் ஒருமுறை கனைத்தான். அவ்வளவுதான்.

ராஜம்மா குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. புருசன் இல்லாத தங்கச்சி ஒண்ணு உங்க ஊட்ல கீதாமே. நாங்க கெளம்பச்சொல்ல எதிர்ல வந்துடப் போவுது. உள்ளயே இருக்கச் சொல்லுங்க. நல்ல காரியம் பாருங்க."

நாகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நான்தாங்க நாகவல்லி. அந்தக் கத நான் எழுதனதுதான்."

"அடி என் கண்ணு..." என்று மலர்ந்துபோய்க் கையை நீட்டிய ராஜம்மாவின் பார்வை அவளுடைய வெறும் நெற்றியில் விழுந்தது. நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு அது கீழே இறங்கி, குங்குமச் சிமிழ் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கதைக்காக அழுத கண் இன்னும் காய்ந்திருக்கவில்லை.

"நாகு, உள்ள போ," என்றான் உலகநாதன்.

அவள் போகவில்லை. ராஜம்மா படித்துவிட்டுத் தரையில் வைத்திருந்த பத்திரிகையைக் குனிந்து எடுத்தாள். "எங்கையில இதுக்கு வேற காப்பி இல்லண்ணா. படிச்சிட்டுக் குடுத்துடறேன்."

வாசலுக்கு நேராக விரித்திருந்த பாயில் கண்ணம்மா நகர்ந்து இடம் விட்டாள். நாகவல்லி அங்கே உட்கார்ந்து, அச்சில் தன் பெயரை முதன்முறையாகப் பார்த்தாள். கிளம்புவதற்காக எழுந்த சம்பந்தி வீட்டார் எதிரில் அவள் இருந்ததால் போகவும் மாட்டாமல், உட்காரவும் மாட்டாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.