ஐயாயிரத்து ஐந்நூறு வாட் வெந்நீர்

தெற்கு பிரேசிலில் ஜூலை என்றால் கடுங்குளிர்; எங்கள் குரிச்சிபாவில் அந்த மாதம் குளிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். எங்கள் கட்டடத்தில் குளிக்கத் துணிச்சல் மட்டும் போதாது. ஏனென்றால் அங்கே நாலு வாடகை வீடுகளின் சொந்தக்காரரும், குடியிருப்போர் சங்கத் தலைவரும், எல்லாம் தெரிந்தவரும் ஒருவரே: செயு வல்தோமிரோ நோவாக்கி. (ஆண்களை மரியாதையாக அழைக்க 'செயு', பெண்களுக்குத் 'தோனா'.) பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், தள்ளுபடியில் கிடைத்ததென்று தண்ணீரைத் தாமே சூடாக்கும் ஐந்து மின்சார ஷவர்களை அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றைத் தன் வீட்டிலும், மீதியை எங்கள் வீடுகளிலும் தன் கையாலேயே மாட்டினார். எலக்ட்ரீஷியன் எதற்கு? அவர் முப்பது வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தியவர் அல்லவா!

அன்று முதல் எங்கள் ஷவர்களில் வந்தது வெந்நீர் இல்லை, வெந்நீரைப் பற்றிய வதந்தி. நான் போய் முறையிட்டேன்.

"வயசாகுதில்ல தம்பி, ரத்தத்துல சூடு கொறைஞ்சிருக்கும்" என்றார். எனக்கு நாற்பத்தொரு வயது. அவருக்கு எழுபது.

மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஜுசேலியாவும் போய்க் கேட்டாள். சூப்பர் மார்க்கெட்டுகளில் பெரிய பெரிய குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பவள் அவள்.

"தெரெசினா ஊர்தானே உங்களுக்கு, தோனா ஜுசேலியா? வெயில்லயே வளந்த உடம்பு. எங்க ஊர்க் குளிருக்குப் பழகணும். தண்ணி கொதிக்குதும்மா, உங்களுக்குத்தான் தெரியல."

அவள் வீட்டுக்குப் போய், ஒயரைக் கவ்விப் பிடித்தால் மின்னோட்டத்தைச் சொல்லும் மீட்டரை எடுத்தாள். ஷவரைத் திறந்துவிட்டு அளந்தாள். பிறகு என் வீட்டிலும் வந்து அளந்தாள். இரண்டிலும் ஒரே கணக்கு.

சனிக்கிழமை காலை சங்கக் கூட்டம். வேகவைத்த பினியோன் கொட்டைகளை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். ஜுசேலியா ஒரு தாளை நீட்டினாள்.

"நம்ம கட்டடத்துக்கு வர்றது நூத்தி இருபத்தேழு வோல்ட். ஷவர்ல ஓடுறது பதினாலு புள்ளி நாலு ஆம்பியர். ரெண்டையும் பெருக்குங்க. ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் வாட்தான் வருது."

"பெட்டியில ஐயாயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருக்கே?" என்றார் தலைவர்.

"அதுக்குப் பக்கத்துலயே இருநூத்தி இருபது வோல்ட்னும் போட்டிருக்கு. நீங்க வாங்கின ஊர்ல அதுதான் வருது. இங்க வராது. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா, உள்ள தண்ணியைச் சூடாக்குற காயிலோட தடை எட்டு புள்ளி எட்டு ஓம். நம்ம வோல்ட்டுக்கு அது ரொம்ப அதிகம். அதான் மூணுல ஒரு பங்கு சூடு."

எங்கள் ஊரில் அந்தக் காயிலுக்குப் பெயரே 'மின்தடை'தான். கடையில் போய் அப்படித்தான் கேட்டு வாங்குவோம். ஆனாலும் அதை வோல்ட்டும் ஆம்பியருமாக வகுத்துப் பார்க்கலாம் என்பது எங்கள் தலைவருக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்வாரா?

"இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார். "தடை அதிகம். சரி, வெட்டிட்டாப் போச்சு. மூணுல ரெண்டு பங்கை வெட்டிட்டு ஒரு பங்கை மாட்டினா கணக்கு நேராயிடும்ல?"

ஜுசேலியா மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தாள். நேர்மையானவள். அதுதான் அவளுடைய கஷ்டம்.

"கணக்கு என்னவோ நேராயிடும். ஐயாயிரத்து ஐந்நூறு வாட் வரும். ஆனா நாப்பத்திமூணு ஆம்பியர் இழுக்கும். உங்க ஒயர் ரெண்டரை எம்எம். பிரேக்கர் இருபத்தஞ்சு. தாங்காது. மிச்சமிருக்கிற காயிலும் தாங்காது."

'நேராயிடும்' என்ற சொல்லோடு அவர் காது மூடிக்கொண்டது.

அடுத்த நாள் காலை தன் வீட்டு ஷவர் காயிலை வெட்டினார். பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றது. பிரேக்கர்தான் பழுது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஐம்பது ஆம்பியரில் ஒன்றை வாங்கி மாட்டினார். பிறகு எங்கள் கதவுகளைத் தட்டி, "வந்து ஆவியைப் பாருங்க!" என்று அழைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அவர் வீட்டுக் கூடத்தில் நின்று பார்த்தோம். கதவிடுக்கில் உண்மையிலேயே ஆவி வந்தது. உள்ளே பாட்டுச் சத்தம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஜுசேலியா மட்டும் ஆவியைப் பார்க்கவில்லை. மூச்சை இழுத்து முகர்ந்தாள். ரப்பர் கருகும் வாடை. அவள் மீட்டர் பெட்டியை நோக்கி ஓடுவதற்குள் உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம். காயில் அறுந்துவிட்டது. ஜூலை மாதத்துத் தண்ணீர் தலைமேல் அப்படியே கொட்டியது. பாட்டு நின்றது. அதன் பிறகு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஜுசேலியா மெயினை அணைத்தாள். குளியலறைச் சுவருக்குள் ஒயர் அரை மீட்டர் கருகியிருந்தது. செயு வல்தோமிரோ துண்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய நுரையோடு வெளியே வந்தார். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"கரண்ட் கம்பெனிக்காரன் மோசம் பண்ணிட்டான்" என்றார்.

சிரிப்பை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஜுசேலியா சிரிக்கவில்லை. "தீப்பிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் நுரையைக் கையால் வழித்துக்கொண்டே உள்ளே போனார்.

திங்கட்கிழமை ஜெனேசியோ என்ற எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். வந்தவர் அளந்தார், பெருக்கினார், வகுத்தார். ஜுசேலியா சொன்னதையே சொல் மாறாமல் சொன்னார்.

"இப்படித் தெளிவா யாராவது எடுத்துச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?" என்றார் தலைவர்.

நான் ஜுசேலியாவைப் பார்த்தேன். அவள் ஜெனேசியோவிடம், "பத்து எம்எம் ஒயரே போடுங்கண்ணே, ஆறு போட்டு முடிச்சிடாதீங்க" என்றாள்.

வாரக் கடைசிக்குள் ஐந்து வீட்டிலும் புது ஒயர், நூற்றி இருபத்தேழுக்கு உரிய புதுக் காயில், சரியான பிரேக்கர். சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில், 'தலைவர் தாமே கண்டறிந்த குறைபாடு, அவரது முயற்சியால் சீர்செய்யப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். முப்பது வருடப் பழக்கம். முத்திரையும் குத்தியிருந்தார்.

ஜுசேலியா படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.

"என்ன எழுதியிருக்காருன்னு பாக்கலையா?" என்றேன்.

"தண்ணி சூடா வருதில்ல? எழுதிட்டுப் போறாரு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு இரண்டாவது தடவையாகக் குளிக்கப் போனாள்.